நெருக்கி உக்காருங்க

எஸ்தரின் ஜெபம் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் என்னோடு வெடிமருந்து அடைப்பவள் அவள். தினமும் வேலை தொடங்குமுன் அறை வாசலில் நின்று, எங்கள் பெயரையெல்லாம் சொல்லி ஜெபிப்பாள். இருக்கன்குடி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற எனக்காக இவள் எதற்கு வேண்ட வேண்டும்?

போன தீபாவளி சீசனில் ஒரு காலை. மருந்து அறைக்குள் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, சுவரிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் நால்வர் உள்ளே இருக்கும்போதே போர்மேன் இன்னும் மூன்று பெண்களைக் கூட்டி வந்து, "லோடு ஏத்தணும், நெருக்கி உக்காருங்க" என்றார். நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம். எஸ்தர் மட்டும் எழுந்து வெளியே போய் நின்றாள்.

"அதான் ஜெபம் பண்ணிட்டேல்ல? ஒஞ்சாமி பாத்துக்கிடும். போய் உக்காரு" என்று சிரித்தார் போர்மேன்.

"பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டு, கண்ணு முன்னால சாகக் குடுக்கவா? நீங்க செய்ய வேண்டியதைச் சாமி தலையில கட்டாதீக அண்ணாச்சி."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எங்கள் உயிரை வைத்து அந்த ஆள் சிரிக்கிறான், நாங்கள் நகர்ந்து கொடுக்கிறோம்! நானும் எழுந்து வெளியே வந்தேன். மற்ற இருவரும் வந்தார்கள். வேலை நின்றதும் போர்மேன் கத்தினார், திட்டினார். கடைசியில் அந்த மூவரையும் வேறு அறைக்கு அனுப்பினார்.

"ஒண்ணுமே ஆகலையே, அன்னைக்கு என்னத்துக்கு அம்புட்டு ஆட்டம்?" என்று போர்மேன் இன்றும் கேட்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொதிக்கிறது.

எஸ்தர் என் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை இப்போது நானும் வாசலில் நிற்கிறேன். பிறகு உள்ளே எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.