சாட்சிக்குக் கொண்டுபோன கேசட்

நெட்டிலிருந்து பாட்டு இறக்குவது திருட்டு என்று மகளைத் திட்டியவள் நான். ஆனால் என் பழைய கேசட்டின் நாடாவை டேப்ரிக்கார்டர் தின்றுவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுதானே, அதை மட்டும் இறக்கினால் தப்பில்லை என்று முடிவு செய்தேன்.

இன்று வேலூர் பஜாரில், செல்போனில் பாட்டு ஏற்றித் தரும் பாயிடம் போனேன். சாட்சிக்கு அந்தக் கேசட்டையும் நீட்டினேன்.

"இத இன்னாத்துக்கு எடுத்துனு வந்தீங்க, டீச்சர்?"

"நான் ஏற்கெனவே வாங்கின பாட்டுன்னு தெரியணும் இல்ல, பாய்."

உள்ளே அட்டையில் பேனாவால் எழுதியிருந்த பாட்டு வரிசையைப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து. அப்பல்லாம் நீங்க லிஸ்ட் குடுப்பீங்க, நான் காலி கேசட்ல பதிஞ்சி குடுப்பேன். இதுவே காப்பிதான் டீச்சர்."

பாட்டு ஏறிவிட்டது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் கேசட் அட்டையில் யார் கையெழுத்து?