வெயிலில் காயாத நைலான்

உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை வளையம் அது. நடுவில் பெருவிரல் நுழையும் ஓட்டை, மேலெல்லாம் நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக் கோடுகள். பாய் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, “கல்லு மாதிரி இருக்குதும்மா” என்றார். சுனாமி அலை வந்துபோன மறு வருடம், 2005இன் கோடை. கோட்டக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நின்றிருந்தோம்.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மரக்காணத்து உப்பளங்களில் ஏறிய சேற்றை வழித்துவிட்டு மறுபடி பாத்தி கட்டியிருந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கூலிக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்திருந்தேன். சான்றிதழை அம்மா அரிசிப் பானையின் மூடிக்கு அடியில் வைத்திருந்தாள், அது ஒன்றுதான் வீட்டில் நனையாத இடம் என்று.

பாய் துபாயில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பல வருடம் இருந்தவர். மகளுக்கு ஏழு வயது. அவரை அவள் “துபாய் அத்தா” என்றே கூப்பிட்டாள், ஊரில் இன்னொரு அத்தா இருப்பது போல. அதைக் கேட்ட அன்றுதான் இனிமேல் போவதில்லை என்று முடிவெடுத்தாராம். பழைய கை மோல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இந்தத் தொழில் நிலைக்காவிட்டால் மறுபடி விமானம்தான் என்பது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

உப்பளத்து மேஸ்திரிக்கு வேண்டியது மோட்டார் பம்பின் தண்டு உள்ளே சுற்றும் வளையம், நைலான் புஷ். உப்புத் தண்ணீர் பித்தளையைத் தின்றுவிடுகிறது. அவர் கேட்டது சில நூறுதான். சென்னையில் எஃகு அச்சு வெட்டவே சொன்ன விலைக்குப் புது மோட்டார்களே வாங்கிவிடலாம். நாங்கள் புதுச்சேரி லேத் பட்டறையில் பழைய அலுமினியக் கட்டியைக் கடைந்து இரண்டு பாதியாக அச்சு செய்தோம். இரண்டையும் சேர்த்து வைஸில் இறுக்கி, மேலே உருகிய நைலானை நெம்புகோலால் உடம்பு எடை முழுவதும் போட்டு அழுத்த வேண்டும். ஒரு அழுத்தத்துக்கு ஒரு புஷ். அச்சுக்கு எஃகு தேவையில்லை. அவசரப்படாமல் இருந்தால் அலுமினியம் சில ஆயிரம் தடவை தாங்கும்.

நைலான் மணிகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு உருக்கினால் வார்த்த பொருள் உடையும். அதற்காக ஒரு பழைய இரும்பு பீரோவுக்குள் பெரிய பல்புகளை மாட்டி, மணிகளைத் தட்டில் பரப்பிக் காயவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். அளவெடுக்க நான் மரக்காணம் போன அன்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. சரக்கு மறுநாள் வேண்டும். பாய் மணிகளை மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டார், கடற்காற்று முகத்தில் அடிக்க. கரண்ட் வந்ததும் அழுத்தத் தொடங்கிவிட்டார்.

நான் திரும்பி வந்து கோடுகளைப் பார்த்தேன்.

“பாய், இது ஈரம். குடுக்காதீங்க.”

“ஏம்மா, மரக்காணத்துல உப்பே வெயில்ல காயுது. இது காயாதா?”

“உப்பு மழைக்காலத்துல ஜாடியில கசியுதில்ல, அந்த மாதிரிங்க. காத்துல இருக்கிற தண்ணிய இழுத்துக்கும்.”

“படிச்ச புள்ள, எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்கே” என்று சிரித்தார். மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கோணியில் கட்டி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேஸ்திரி கோணியோடு வந்து, உடைந்த துண்டுகளை வாசலில் கொட்டினார். “பாய், இது புஷ்ஷா, அப்பளமா? மோட்டார போட்டதும் நொறுங்குது!” பாய் அவரோடு சண்டை போடவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு என்னிடம், “இதெல்லாம் கம்பெனி சமாச்சாரம்மா. நம்ம கை மெஷின்ல ஆவாது” என்றார். அவர் மச்சான் அனுப்பிய விசா ஏற்கெனவே வந்து காத்திருந்தது. பீரோவில் காயவைத்து ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றேன். தலையை ஆட்டினார், கேட்டதாகத் தெரியவில்லை. விடியற்காலை வேனில் ஏறும்போது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வருடம் யார் போனாலும் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தோம்.

கட்டுப் பிரிக்காத நைலான் மணி மூட்டை ஒன்று மீதி இருந்தது. கொட்டகையைக் காலி செய்யப் போனவள், வெறுமனே மணிகளைப் பீரோவில் பரப்பிப் பல்புகளைப் போட்டுவிட்டேன். சாயங்காலம் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நெம்புகோலைப் பிடித்தாள். அச்சிலிருந்து விழுந்த புஷ்ஷில் ஒரு கோடுகூட இல்லை. சுத்தியலால் அடித்தேன், சுத்தியல்தான் துள்ளியது. மேஸ்திரி நம்பாமல் நாலைந்து மட்டும் எடுத்துப் போனார். அடுத்த மாதம் அவரே வந்து, “இன்னும் இருக்குதா?” என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்து, “பாய்க்குச் சொல்லிடலாங்க்கா” என்றேன்.

“வேணாம்மா. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன் கையில. ரெண்டு வருஷம் வர முடியாது. நாலு மணி நேரம் காயவச்சிருந்தா போதும்னு தெரிஞ்சா, அந்த மனுஷன் அங்க எப்படித் தூங்குவாரு?”

இப்போது நான் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். இங்கே உலர்த்தும் இயந்திரம் மெஷினின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவும் நானும் கொட்டகையை ஓட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் போன் செய்தார். அக்கா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். எப்படி இருக்கே, அப்பா வேலைக்குப் போறாரா என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, “கொட்டகைய பூட்டியாச்சாம்மா?” என்றார். மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. அக்கா நெம்புகோலில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள்.

“பூட்டியாச்சு பாய்” என்றேன்.