ஓரகத்தி வீட்டு ஃபிரிட்ஜ்

என் ஓரகத்தியின் புது வீட்டில் முதன்முதலாகத் தயிர் எடுக்கப் போனபோது, ஃபிரிட்ஜ் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சமையலறைச் சுவர் முழுக்கத் தேக்கு நிறத்தில் ஒரே மாதிரிக் கதவுகள். ஒன்றைத் திறந்தால் மிக்ஸி இருந்தது. இன்னொன்றில் பருப்பு டப்பாக்கள். மூன்றாவதில் கை வைப்பதற்குள் அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். "அக்கா, இந்தப் பக்கமுங்க" என்று கடைசிக் கதவைத் தொட்டாள். அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. உள்ளே ஒரு துணிக்கடையின் கண்ணாடி அலமாரி மாதிரி வெளிச்சம்.

அவள் என் கொழுந்தனாரின் மனைவி. பங்கு பிரித்தபோது தொண்டாமுத்தூரில் இருந்த பழைய வீடும் தென்னந்தோப்பும் எங்களுக்கு வந்தன. கொழுந்தனார் தன் பங்கை விற்று டவுனில் பம்பு செட் உதிரிபாகக் கடை வைத்தார், கடை ஓடியது, வடவள்ளியில் வீடு கட்டினார். எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அவள் மருமகளாக வந்த புதிதில் உப்பு எங்கே, புளி எங்கே என்று காட்டிக்கொடுத்தது நான்தான். இப்போது அவள் எனக்கு ஃபிரிட்ஜைக் காட்டினாள்.

பொறாமை என்ற சொல்லை அப்போது நான் எனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவர்களுக்குக் கரண்டு பில் எவ்வளவு வருமோ என்று கவலைப்பட்டேன். சுவருக்குள் புதைத்து வைத்த சாமான் கெட்டுப்போனால் எப்படி வெளியே எடுப்பார்கள் என்று கவலைப்பட்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைத் திறந்ததும் கவலையெல்லாம் போய் எரிச்சல் வந்தது. கீழே துருப்பிடித்திருந்தது. காய்கறித் தட்டு உடைந்து, அதன் இடத்தில் பழைய பிளாஸ்டிக் கூடை. கொத்தமல்லி மூன்றாம் நாளே கருத்துவிடும். அவள் வீட்டில் வாரக்கணக்கில் வாடாமல் இருக்கிறதாம், சொன்னாள். அதை அவள் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். நான் ஃபிரிட்ஜ் கதவை அடித்துச் சாத்துவதைப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் புதிதாக ஒன்று பார்க்கலாம் என்றார். நமக்கெதுக்குங்க அதெல்லாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வைத்திருப்பது மாதிரி இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்தும் பேசாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த கோடையில் ஒரு நாள் காலையில் கொழுந்தனாரின் கார் எங்கள் தோப்புக்குள் வந்து நின்றது. பின்சீட்டு முழுக்கப் பாத்திரங்கள், டப்பாக்கள். ஃபிரிட்ஜில் குளிரே இல்லை, விடாமல் பீப் பீப் என்று கத்துகிறது என்றார். மறுநாள் அவர்கள் மகளைப் பெண் பார்க்க அவிநாசியிலிருந்து வருகிறார்கள். பால், பனீர், அரைத்து வைத்த மாவு எல்லாம் வீணாகிவிடும். கம்பெனிக்குப் போன் செய்தால், அந்த ரகத்தைப் பார்க்கத் தெரிந்தவர் குன்னூருக்குப் போயிருக்கிறார், ரெண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம்.

கேட்டவுடன் எனக்குள் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் மீதி சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது கத்திக்கொண்டு நிற்கிறது, என் துருப்பிடித்த பெட்டி அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கி என் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். இடம் போதவில்லை என்று எங்கள் மோரை வெளியே எடுத்து வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றி காயில் கட்டுகிற பட்டறையில் வளர்ந்தவள். நான் பிறந்த ஊரான கணபதியில் எங்கள் அப்பாவின் பட்டறை வீட்டு முன்னறையிலேயே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு விளையாட்டே கழற்றுவதும் மாட்டுவதும்தான். ஓடாத ஒரு மெஷின் இருக்கிறது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. நானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன்.

ஓரகத்தி அழுத முகத்தோடு நின்றாள். ஃபிரிட்ஜின் சுவிட்சை மட்டும் அணைக்கச் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். இந்த ரகத்தில் சூட்டை வெளியே தள்ளுகிற காயில் முதுகுப் பக்கம் இல்லை, கீழே, தரையை ஒட்டி, ஓட்டை போட்ட ஒரு ஜாலித் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று படம் போட்டிருந்தது. தரையில் படுத்து, திருப்புளியால் தகட்டைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் காயிலே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது மாதிரி தூசு. அதில் அவர்கள் வளர்க்கிற நாயின் வெள்ளை முடி. பக்கத்து மனையில் வேறு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் காயில் மூச்சு முட்டிப் போயிருந்தது.

"அம்மணி, இதை எப்பக் கிளீன் பண்ணுனே?" என்று கேட்டேன்.

"அதைக் கிளீன் பண்ணோணுமுங்களாக்கா?" என்றாள்.

மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, வேக்குவம் கிளீனரால் இழுத்தேன். காயிலைச் சுற்றி வரிசையாக இருக்கிற தகடுகள் காகிதம் மாதிரி, அழுத்தினால் வளைந்துவிடும். இடுப்பு வலித்தது. பிறகு கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கமாக இருந்தது, கீழே வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு ரப்பரில் மாம்பழச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தேன். உள்ளே குளிர்காற்று வருகிற துளைகளை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய பாத்திரங்களை எடுக்கச் சொன்னேன்.

சுவிட்சைப் போட்டதும் மெதுவாக உறுமத் தொடங்கியது. அதற்கப்புறம் காத்திருப்பதுதான் வேலை. அவள் குளிர்ந்ததா என்று பார்க்க அடிக்கடி கதவை நோக்கிப் போனாள். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினோம். கதவின் மேல் இடுக்கில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெப்ப அளவு எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சாயங்காலம் அது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லீனா நான் என்னங்க்கா பண்ணியிருப்பேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை விட, அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப மனசே வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி வடவள்ளிக்குப் போனேன். பையில் பிரஷ்ஷும் டார்ச்சும் இருக்கும். காயிலைத் துடைப்பேன். உள்ளே தண்ணீர் தேங்கியபோது பின்சுவரின் கீழே இருக்கிற வடிகால் துளையில் வெந்நீர் விட்டு அடைப்பெடுத்தேன். தண்ணீர் ஃபில்டர் மாற்றுவதற்கும் கற்றுக்கொண்டேன். அது ஓடுகிற சத்தத்தை வைத்தே நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வேலைக்கு வருகிற பெண் கதவை வேகமாகச் சாத்தினால் எனக்குச் சுருக்கென்றது. யாராவது சூடான சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால் கோபம் வந்தது. அது என்னுடையது இல்லை என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஒரு தடவை போய்த் தகட்டைக் கழற்றினால் காயில் பளபளவென்று இருந்தது. தூசு என்று விரலில் ஒட்ட ஒன்றுமில்லை. ஓரகத்தி காபி கொண்டுவந்து வைத்தாள். வருஷ மெயின்டனன்ஸுக்குக் கம்பெனியில் கட்டிவிட்டார்களாம். முந்தின நாள்தான் கம்பெனி ஆள் வந்து போனார்.

"உங்களைத் தரையில படுக்க வெச்சு வேலை வாங்கறது எனக்கே சங்கட்டமா இருந்துச்சுங்க்கா" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவர் ஷூவுக்கு மேல் உறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாராம், விரிப்பு விரித்து உட்கார்ந்தாராம், அவ்வளவு பொறுமையாம். அவருக்குக் கேசரி செய்து கொடுத்தாளாம். எனக்கு அவள் ஒரு நாளும் கேசரி செய்ததில்லை. நான் வீட்டு மனுஷி, எனக்கு எதற்குக் கேசரி என்று நினைத்திருப்பாள். அவர் வேலையில் ஏதாவது குறை கண்டுபிடித்துவிடலாம் என்று ரப்பரைத் தடவிப் பார்த்தேன், காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தேன். குறையில்லை. போதாததற்கு, பக்கத்துக் கதவோடு சேராமல் ஒரு நூல் அளவு இறங்கி நின்ற ஃபிரிட்ஜ் கதவை நேராக்கியும் வைத்திருந்தார். நான் பலமுறை முயன்று முடியாமல் விட்டது அது.

முன்பு அவள் மேல் இருந்த பொறாமை இப்போது முகம் தெரியாத அந்த ஆள் மேல் போனது. இரண்டில் இதுதான் மோசம். அவளிடம் இருப்பது எனக்கில்லையே என்பது ஒரு மாதிரி. என் கையில் இருந்ததை இன்னொருவர் என்னை விட நன்றாகச் செய்துவிட்டார் என்பது வேறு மாதிரி. தூக்கம் வராத அளவுக்கு இல்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அது நினைவுக்கு வந்தது. வடவள்ளிக்குப் போவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். கேட்டால் தோப்பில் வேலை, மலையிலிருந்து யானை இறங்குகிறது, வீட்டை விட்டு வர முடியவில்லை என்றேன். யானை இறங்கியது உண்மைதான். ஆனால் அது பகலில் வருவதில்லை.

வீட்டுக்காரர் இந்த முறை என்னைக் கேட்கவில்லை. காந்திபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றைக் காட்டினார். கடைக்காரர் காயிலெல்லாம் பக்கவாட்டுத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது, தூசே படியாது என்று விளக்கினார். "இதுல நீங்க பண்றதுக்கு ஒண்ணுமே இல்லீங்கம்மா" என்றார். அதையே அதன் பெருமையாகச் சொன்னார். நல்ல ஃபிரிட்ஜ். வாங்கினோம். கொத்தமல்லி வாடவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் சிரித்தேன். அவர் போன பிறகு அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கழற்றுவதற்கென்று ஒன்றுமில்லாத வெறும் தகடு.

போன மாதம் ஓரகத்தி போன் செய்தாள். ஃபிரிட்ஜில் ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறது, மறுநாள் கம்பெனி ஆள் வருகிறார் என்றாள். பிறகு கேட்டாள்.

"நீங்களும் வாரீங்களாக்கா? நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமுங்க."

அவள் எவ்வளவு தெரிந்து கேட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. போனேன். பையில் பிரஷ் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆளுக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் சொன்னது போலவே ஷூவுக்கு உறை, தரைக்கு விரிப்பு. அவர் காதை வைத்துக் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, காயிலுக்குப் பின்னால் இருக்கிற ஃபேனில்தான் சத்தம். வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். அவரும் ஃபேன் என்றுதான் சொன்னார். பிறகு தகட்டைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் டார்ச் பிடிக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டார்.

மண்டியிட்டுப் பிடித்தேன். அவர் கை உள்ளே போவதையும், ஃபேனைத் தாங்குகிற ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதையும் பார்த்தேன். நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை. காயிலோடு நின்றுவிட்டேன். அங்கே இன்னும் என்னவெல்லாம் இருந்திருக்கிறது. அவர் பழைய ஃபேனை வெளியே எடுத்து, அச்சில் ஆட்டம் இருப்பதைக் காட்ட என் கையில் கொடுத்தார். சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இருந்தது. சீக்கிரமே திருப்பிக் கேட்டுவிடுவார் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

புதியதை மாட்டினார். சத்தம் நின்றது. ஓரகத்தி அவருக்குப் பணியாரம் கொண்டுவந்து வைத்தாள், எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த தடவை எப்போது வருவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். மழைக்காலம் முடிந்ததும் என்றார். அன்றைக்கு நானும் வருகிறேன் என்று ஓரகத்தியிடம் சொன்னேன். அவள் சரீங்க்கா என்றாள்.