சால்வை போர்த்தி முடிவதற்குள்

என் தங்கை உலகப் போட்டியில் ஆடப்போகிறாள் என்று பேப்பரில் வந்த அன்றிலிருந்து கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் திடீர் சொந்தங்கள் முளைத்துவிட்டன. மலைமேல் இருக்கிற எங்கள் கரியாலூரிலிருந்து ஓட்டப்பந்தயத்துக்கு என்று விளையாட்டு விடுதிக்குப் போனவள் அவள். அங்கே அவள் கையில் ஸ்குவாஷ் மட்டையைக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் அடைத்த அறைக்குள் இரண்டு பேர் ஒரு சின்ன ரப்பர் பந்தைச் சுவரில் மாற்றி மாற்றி அடிக்கிற ஆட்டம். விழுந்து எழுந்து, கால் வீங்கி, அழுது, அவள் பெண்கள் உலகச் சாம்பியன் போட்டி வரைக்கும் போகிற வரை, இந்த ஊரில் ஒரு நாய்கூட "பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டதில்லை. போட்டோ வந்ததும் எல்லோருக்கும் பாசம் பொத்துக்கொண்டு ஊற்றியது. த்தூ!

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் ஆடுவதை, அவள் ஆடிக்கொண்டிருக்கிறபோதே பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மலையில் சாமை விதைக்கிறவளுக்குச் சென்னை எங்கே, வெளிநாடு எங்கே? போனில் பார்க்கலாம் என்றால் கரியாலூரில் சிக்னல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாளே பஸ் பிடித்து, நான் வாழ்க்கைப்பட்ட கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்துவிட்டாள்.

"அது ஆடிக்கினு இருக்கச்சொல்ல நான் சாமிய கூப்டுக்கினே இருக்கணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள். ஆட்டத்தன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

போனைச் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, தங்கை பேரில் ஊரில் திடீரென்று முளைத்த விழாக்குழு வந்து வாசலில் நின்றது. அதற்குத் தலைவர் என்று ஒருத்தர், மொடமொட வேட்டியோடு. கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டியிருக்கிறார்களாம். ஊரே கூடிப் பார்க்கப்போகிறதாம். பெற்ற தாயை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்வார்களாம்.

"பெருசா தெரியுமாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"சினிமா மாதிரி தெரியும்மா."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் போனோம்.

மண்டபத்துத் திரையில் தலைவரின் முகம்தான் நிரம்பியிருந்தது. கீழே மூலையில் கட்டைவிரல் அளவுக்கு என் தங்கை. அவள் கையில் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய டென்னிஸ் மட்டை. அம்மாவை மேடையில் இரண்டு தொந்திகளுக்கு நடுவே சொருகிவிட்டு, என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆட்டம் தொடங்க அஞ்சு நிமிஷம்கூட இல்லை. எழுந்துபோய், "திரையப் போடச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இரும்மா. உலகப் போட்டி, சாயங்காலம் வரைக்கும் ஓடும். நாலு வார்த்தை பேசிட்டு நிதானமா போட்டுக்கலாம்."

"இது கிரிக்கெட் இல்லீங்க. அரை மணியில முடிஞ்சிபூடும்."

அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். "அரை மணியில முடியறதுக்கா இம்மாம் தூரம் பிளேன்ல போவாங்க?"

மேடையே சிரித்தது. இந்த அறிவுக்கு ஒரு மைக் வேறு!

பிறகு சால்வை ஆரம்பித்தது. இந்த ஊர் மேடையில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் மற்ற ஒவ்வொருத்தருக்கும் போர்த்தியாக வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனால் அடுத்த தேர்தல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். போர்த்தி முடித்தவர் மைக்கைப் பிடித்து எல்லோரையும் "அவர்களே, அவர்களே" என்று வரிசையாகக் கூப்பிட வேண்டும். அதிலும் ஒருத்தர் பெயர் விட்டுப்போய், முதலிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

என் மடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சு கேமில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் கேமைத் தங்கை ஜெயித்தாள். நான் கைதட்டிவிட்டேன். பேசிக்கொண்டிருந்தவர் தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார். அடுத்த இரண்டும் போயின. நாலாவதும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் பொறுக்க முடியாது என்று போனோடு மேடைக்கு ஓடினேன்.

"இதோ, வீராங்கனையின் அக்கா!" என்று மைக்கில் அலறினான் ஒருத்தன். அவ்வளவுதான், எனக்கும் ஒரு சால்வை விழுந்தது. கையும் போனும் உள்ளே சிக்கிக்கொண்டன. தலைவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "கேமராவைப் பாரும்மா. கொஞ்சம் சிரி." கடித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

பிய்த்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"ஆரம்பிச்சிட்டாங்களாடி?" என்றாள். தலைவர் முகம் இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாவி மனுஷி.

"ஆரம்பிச்சி நேரமாச்சும்மா. இந்தா, பாரு." போனை அவள் மடியில் வைத்தேன். அதன்மேல் ஒரு ஆள் ரோஜா மாலையை இறக்கினான். மாலையை விலக்கிப் போனை எடுப்பதற்குள் இன்னொரு மாலை.

அப்புறம் ஒருவழியாகத் திரையில் தலைவர் முகம் போய் ஆட்டம் வந்தது. கண்ணாடிச் சுவருக்குள் இரண்டு பெண்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். அது என் தங்கை.

"ஆட்டம் ஆரம்பம்! பலமாகக் கைதட்டுங்கள்!" என்றார் தலைவர்.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அம்மா படக்கென்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு விடாமல் முணுமுணுத்தது. அந்தக் கையைப் பிடித்து இறக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் இத்தனை பேர் முன்னால் அவளை அப்படியே விட்டுவைக்கவும் முடியவில்லை.

"அம்மா, முடிஞ்சிச்சும்மா. தோத்துட்டா."

தலைவருக்கும் யாரோ காதில் சொன்னார்கள். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "அதனால இன்னா? மொதல்லேர்ந்து திருப்பிப் போட்டுடலாம். அம்மா பார்க்கட்டும்" என்றார்.

அம்மா சால்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"தோத்துட்டான்னு தெரிஞ்சப்பறம் சாமிகிட்ட நான் இன்னான்னுங்க கேக்கறது?"