கண் இல்லாத ஈ

இரண்டு வருடத்துக்கு முன்பு, திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். மீமிசல் பக்கத்துப் பெண், கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்பு. பழத்தில் மொய்க்கும் குட்டி ஈக்களைப் பாட்டில் பாட்டிலாக வளர்ப்பதுதான் அவள் வேலை. லீவு விட்டால் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள்.

அந்த வாரம் கந்தர்வக்கோட்டையில் என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. அத்தை என்ற முறையில் முதல் வளையல் நான் போட வேண்டும். ஆனால் தம்பி மனைவி போனில், "தப்பா நெனைக்காதீங்க மதினி. வந்து சாப்பிட்டுப் போங்க, வளையல மட்டும் வேற ஆளு போடட்டும்" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். என் மகன் பிறவியிலேயே கண் தெரியாதவன். அவனைச் சுமந்தபோது கிரகணத்தில் நான் கத்தரிக்காய் நறுக்கியதுதான் வினை என்று மாமியார் சொன்னது சொந்தமெல்லாம் பரவிவிட்டது. அன்றிலிருந்து எந்த வளைகாப்பிலும் எனக்குக் கடைசி வரிசைதான். நானும் அதை நம்பித்தான் இருந்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுததை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டவள், ஒரு பூதக்கண்ணாடியும் இரண்டு பாட்டிலும் கொண்டுவந்தாள். ஒன்றில் ஈக்களுக்குச் செக்கச்செவேலென்று கண். மற்றதில் சில ஈக்களுக்குக் கண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"இதோட ஆத்தா எந்தக் கிரகணத்துல கத்தரிக்கா நறுக்குச்சாம்?" என்று கேட்டாள்.

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கண் உருவாவதற்கென்று ஒரு ஜீன் உண்டு, அது பழுதானால் இப்படி ஆகும், அதே மாதிரி ஒன்று மனிதனுக்கும் இருக்கிறது என்றாள். "ஒங்க மகனுக்கு எதனாலன்னு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும் ஆத்தா. ஆனா அருவாமனையால இல்ல. அத எங்கிட்டு வேணாலும் வந்து சொல்லுவேன்."

"நீ வர வேணாம்த்தா, நானே சொல்லிக்கிறேன்" என்றேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானா அப்படிச் சொன்னேன்!

வளைகாப்பன்று நேராகப் போய் வளையல் தட்டை எடுத்தேன். சித்தி ஒருத்தி, "ஏத்தா, ஒங்கிட்ட யாரும் சொல்லலயா?" என்றாள்.

"சொன்னாங்க. என் கையில குத்தம் இல்ல சித்தி. கண்ணில்லாத ஈயப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஈயா? இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. தம்பி மகள் இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, "போடுங்க அத்தை" என்றாள்.

அதன் பிறகு வந்த கிரகணத்தன்று வேண்டுமென்றே அருவாமனையை எடுத்து உட்கார்ந்தேன். கை தயங்கத்தான் செய்தது. ஆனாலும் நறுக்கி முடித்து, வெளியூரிலிருந்து வந்திருந்த மகனுக்கு அந்தக் கத்தரிக்காயை வதக்கி வைத்தேன். அவனைப் பெற்ற நாள் முதல் சுமந்த பழியை அன்றைக்குத்தான் நான் இறக்கி வைத்தேன்.