ஃபாஸ்டினா கொண்டை

பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் சிவநேசனுக்கு ரோமாபுரிக் காசுப் பைத்தியம் பிடித்தது ஒரு தாடியால்தான். பேரங்காடி ஒன்றில் பழங்காசு விற்பவர்கள் கடை பரப்பியிருந்தார்கள். அங்கே ஹேட்ரியன் என்ற பேரரசரின் முகம் பதித்த வெள்ளிக்காசைப் பார்த்தார். அவருக்கு முன் ஆண்டவர்கள் பெரும்பாலும் மழுமழு முகம், இவர் தாடி விட்டதும் பின்னால் வந்தவர்களும் வரிசையாக விட்டார்கள் என்றார் விற்றவர்.

"எத்தனை பேரு பொழப்புல மண்ணு போட்டிருக்கான் பாவி!" என்று கொதித்துப்போன சிவநேசன், அந்தக் காசையே வாங்கி வந்தார். அன்று முதல், சவரத்துக்கு வந்தவர்கள் முகம் நிறைய நுரையோடு ரோம வரலாறு கேட்டார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எழுந்து போவார்கள்?

மாடியில் மணப்பெண் அலங்காரம் செய்யும் அவர் மனைவி ரமணியிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. ஃபாஸ்டினா என்ற பேரரசியின் காசைச் சிவநேசன் பெருமையாகக் காட்டினார்.

"இந்தம்மா செத்ததும் ராஜா இவங்கள சாமியாக்கி, எத்தனை விதமா காசு அடிச்சாரு தெரியுமா?"

"உயிரோட இருந்தப்ப?"

"அப்பவும் அடிச்சாரு... கொஞ்சமா."

"எல்லா ஆம்பளையும் ஒண்ணுதான்லா" என்று ரமணி சீப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

காப்பாரிலிருந்து மலர் என்ற பெண் தன் கல்யாண அலங்காரம் பற்றிப் பேச வந்தபோது, அந்தக் காசு சிவநேசனின் மேசைமேல் கிடந்தது. அதில் பேரரசிக்கு, பின்னல்களைச் சுருட்டி உச்சந்தலையில் கூடுபோல் அடுக்கிய கொண்டை.

"அக்கா, எனக்கு இதுதான் வேணும்."

ரமணி காசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏங்க, இதுக்குப் பின்பக்கம் எப்படி?"

சிவநேசன் ஆசையாகக் காசைத் திருப்பினார். அங்கே ஒரு பெண் தெய்வம் நின்றிருந்தது.

"காசோட பின்பக்கம் இல்லங்க, தலையோட பின்பக்கம்!"

"அது... இதுல வலப்பக்கம் மட்டும்தான் தெரியும்."

கிள்ளான் மண்டபத்தில் மலரின் வலப்பக்கம் பேரரசியாகவும், இடப்பக்கம் சவுரியும் ஹேர்பின்னும் சேர்ந்த உத்தேசமாகவும் இருந்தது. மாப்பிள்ளை கிஷன் மாலையைத் தூக்கினார்; உயரம் போதவில்லை. எக்கிப் போட்டார். மாலை கொண்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. மண்டபம் சிரித்தது. மலரும் குலுங்கிச் சிரிக்க, கொண்டை இடப்பக்கம் சரிந்தது. ரமணி மேடைக்கு ஓடிப்போய், பெண்ணின் பின்னால் ஒளிந்து அதைத் தாங்கிப் பிடித்தார்.

"தம்பி, வலப்பக்கம் மட்டும் படம் புடிங்க!" என்று கீழேயிருந்து கத்தினார் சிவநேசன்.

அந்தப் படம் முகநூலில் சுற்றியது. ரோமன் கொண்டை வேண்டுமென்று பெண்கள் ரமணிக்கு அழைக்கத் தொடங்கினார்கள். இடப்பக்கத்துக்கு ஒரு வழி கண்டாக வேண்டும். கடை சாத்தியதும் கணவனும் மனைவியும் பொம்மைத் தலை ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பின்னினார்கள். சிவநேசனின் பின்னல்தான் நேராக வந்தது. ரமணி அதைப் பாராட்டவில்லை. தன் பக்கத்தை அவிழ்த்து மறுபடி பின்னினார்.

"உங்ககிட்ட வேற ராணிங்க இருக்காங்களா?" என்றார் மெதுவாக.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர்போல் சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சபீனான்னு ஒருத்தங்க. அவங்க புருஷன்தான் அந்தத் தாடிக்கார ஹேட்ரியன். அவரு இருக்காரே..."

"கதை அப்புறம். மொதல்ல ஹேர்பின்ன புடிங்க."

சிவநேசன் ஹேர்பின்னைப் பிடித்துக்கொண்டே கதையை ஆரம்பித்தார்.