சோலார் தகட்டில் வைத்த பொட்டு

கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அந்த சோலார் தகட்டில் மூன்று பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தது நான்தான். எண்பதுகளின் தொடக்கம். பேரையூர்ப் பொட்டலில் எங்கள் பட்டாளத்தின் பயிற்சி முகாம். அன்று ஆயுத பூஜை. துப்பாக்கிக்குப் பொட்டு, ஜீப்புக்குப் பொட்டு. வெயிலை வாங்கி வயர்லெஸ் பேட்டரிக்குக் கரண்டு தரும் புதுச் சாமானுக்கு மட்டும் இல்லையென்றால் எப்படி? ஜெனரேட்டர் சத்தம் நம்மை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சோதனைக்கு வந்த தகடு அது. ஜெனரேட்டரே கொண்டுவரக் கூடாதென்று உத்தரவு. எங்கள் ஹவில்தார் அண்ணன் பரவைக்காரர். "மாப்ள, அதுக்குப் பொட்டு கிட்டு வேணாம். மாலைய மட்டும் கீழ வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை.

இரண்டு நாள் மேக மூடாக்கில் பேட்டரி ஏற்கெனவே வற்றிக் கிடந்தது. அன்றைய வெயிலைத்தான் நம்பியிருந்தோம். உச்சிப்பொழுதில், ரோந்து போன மூவரில் ஒருவன் வயர்லெஸ்ஸில் பதறினான்: "நம்ம பயலைப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே! நாங்க நிக்கிறது..." அதோடு செட் செத்தது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மீட்டர் முள் அசையவில்லை. வயரைப் பிடுங்கி மாட்டினோம், பேட்டரியைத் தட்டினோம். சாமிக்கு வைத்த பொட்டின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? கடைசியில் அண்ணன்தான் தகட்டின் முன் நின்றார். "இம்புட்டு வெயில்ல முள்ளு ஏன்டா படுத்துக் கெடக்கு?" என்றவர், ஈரத்துண்டால் அழுத்தித் துடைத்தார். முள் எழுந்தது. தகட்டிலுள்ள கட்டங்களில் ஒன்றை மறைத்தாலே தகடு முழுக்கச் சுணங்கிவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேட்டரியில் கொஞ்சம் ஏறி, "ஊருணிக்கு மேக்கால" என்ற குரல் கேட்பதற்குள் அரை மணிக்கு மேல் போய்விட்டது.

பையன் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் மேஜர் கேட்டபோது அண்ணன், "நான்தான் சார் வச்சேன்" என்றார். வெளியே வந்ததும் நான் அழுதேன். "ஒனக்குச் சர்வீஸ் கெடக்குடா. எனக்கு இம்புட்டுத்தான், விடு" என்றார். பதவி உயர்வில்லாமல் ஹவில்தாராகவே ஊருக்குப் போனார். நான் சுபேதார் வரை ஏறினேன். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

கால் போனவன் பசுமலையில்தான் இருக்கிறான். போன மாதம் என் வீட்டுக்கு வந்தான். கட்டைக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, "யாரை மன்னிச்சாலும் அந்த ஹவில்தாரை மட்டும் மன்னிக்க மாட்டேண்ணே" என்றான்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.